பதினொரு சொம்புச் சீம்பால்

சீம்பால் சாப்பிட்டிருக்கிறீர்கள்தானே? வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்து, துண்டு போட்டு, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் வரும். சப்புக்கொட்டித் தின்றிருப்பீர்கள். அந்தக் கிண்ணத்தைக் கையில் வாங்கியபோது, இது யாருக்காகச் சுரந்ததோ அந்தக் கன்று முதலில் குடித்துவிட்டதா என்று ஒருமுறையாவது கேட்டீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். புவனாவும் கேட்கவில்லை. மூன்று தடவை தின்றாள், மூன்று தடவையும் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கியபோது அவள் பெயருக்கு முன்னால் ஊர் ஒரு பட்டத்தை ஒட்டிவிட்டிருந்தது. மலடி.

வெள்ளகோவிலிலிருந்து மூலனூர் போகும் சாலையில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே நடந்தால் அவள் புகுந்த வீடு. கிளுவை வேலி போட்ட நான்கு ஏக்கர் மேய்ச்சல் காடு, இரண்டு கறவை மாடு, ஒரு கட்டுத்தரை. மாடு கட்டும் இடத்தை இந்தப் பக்கத்தில் கட்டுத்தரை என்பார்கள். கணவன் தனபால் எண்ணெய் மில்லில் பகல் ஷிப்ட் பார்ப்பவன். மாமியார் மாரியாத்தாள் கட்டுத்தரையின் ராணி. புவனா கல்யாணத்துக்கு முன் ஐந்து வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தவள். கழுத்தில் மஞ்சள் இஞ்சுடேப்பைப் போட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு ஆயிரம் பனியனை அளந்து தள்ளிய கை. புகுந்த வீட்டுக்கு வரும்போது நகையோடு அந்த டேப்பையும் கொண்டுவந்தாள். எதற்கு என்று அன்றைக்கு அவளுக்கே தெரியாது.

மாரியாத்தாளைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் கதை சுலபமாகிவிடும். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. யார் வந்தாலும் சோறு போடாமல் அனுப்பமாட்டார். பிரச்சினையே அந்தத் தாராளத்தில்தான் இருந்தது.

அந்த வீட்டில் மாடு கன்று போட்டால் நடப்பது இதுதான். பிறந்த கன்றை உடனே தாயிடமிருந்து ஒதுக்கிக் கட்டுவார்கள். நஞ்சுக்கொடி விழும்வரை கன்று மடியில் வாய் வைக்கக் கூடாது. வைத்தால் நஞ்சு உள்ளேயே நின்றுபோகும் என்று நம்பிக்கை. நஞ்சு விழ ஆறு மணி நேரம் ஆகலாம், எட்டும் ஆகலாம். அதுவரை கன்று ஈர உடம்போடு கத்திக்கொண்டு கிடக்கும். நஞ்சு விழுந்ததும் மாட்டைக் கழுவி, மஞ்சள் பூசி, முதல் கறவை. அது பதினொரு சொம்பாகப் பிரியும். முதல் சொம்பு ஊர்க்கோவிலுக்கு. அடுத்தது மூத்த பங்காளி வீட்டுக்கு. பிறகு இளைய பங்காளிகள், சம்பந்தி வீடு, பக்கத்துத் தோட்டம். ஒரு வீடு விட்டுப்போனால் அடுத்த கல்யாணப் பந்தியில் அதுதான் பேச்சு. பதினொன்றும் போன பிறகு, வற்றிய மடிக்கு முன்னால் கன்றை அவிழ்த்துவிடுவார்கள். இரண்டு இழுப்பு இழுக்கும். அதற்கு மேல் குடித்தால் கழியும் என்று பிடித்துக் கட்டிவிடுவார்கள்.

கொங்கு நாட்டு மரியாதையைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். அந்த மரியாதை எல்லோருக்கும் சொம்பு சொம்பாகப் போனது. பிறந்த கன்று மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

கல்யாணமாகி ஆறு வருடத்தில் அந்தக் கட்டுத்தரையில் மூன்று கிடாரிக் கன்றுகள், அதாவது பெண் கன்றுகள், பிறந்தன. அதே ஆறு வருடத்தில் புவனாவுக்குக் குழந்தை பிறக்கவில்லை. முதல் கிடாரி நான்கு வயதாகியும் பருவத்துக்கு வராமல் அடிமாட்டு வண்டியில் ஏறியது. இரண்டாவதுக்கு ஆறு முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. அதுவும் ஏறியது. வயிறு மட்டும் பானை மாதிரி, உடம்பெல்லாம் எலும்பு. பிள்ளை பெறாத பெண் ஒருத்தி வீட்டில் இருக்கும்போது காரணத்தைத் தேடி யார் அலைவார்கள்? “அவ கையில சோளத்தட்டு வாங்கித் திங்கற கெடாரி எப்பிடிங்க சினை நிக்கும்?” என்று யாரோ ஒருவர் சொன்னார். ஊர் தலையாட்டியது.

தனபாலைச் சோதனை செய்து பார்க்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. புவனாவுக்கு ஒரு குறையும் இல்லை என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டு பீரோவில் கிடந்தது. சீட்டைவிட ஊர்வாய்க்கு மதிப்பு அதிகம்.

கல்யாணமாகி ஒரு வருடத்தில் வயிறு நிறையவில்லை என்றதிலிருந்தே, மாடு கன்று போடும் அறிகுறி தெரிந்தால் புவனாவை வெங்கடலட்சுமி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வெங்கடலட்சுமி பக்கத்துத் தோட்டத்துக்காரர், வாய் நீளம், மனசு நல்லது. புவனா அங்கே தவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பொழுது சாய்ந்ததும் சீம்பால் சொம்பு அந்த வீட்டுக்கும் வரும். வெங்கடலட்சுமி வேகவைத்து அவளுக்கும் ஒரு துண்டு கொடுப்பார். அவள் தின்பாள்.

மூன்றாவது கிடாரிக்கு மூன்று வயதானபோது கால்நடை மருந்தகத்துக்குப் புதிதாக வந்த டாக்டர் இஸ்மத் அதைப் பரிசோதிக்க வந்தார். நீளக் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

“கர்ப்பப்பை இந்த விரல் தண்டிதாங்க இருக்குது. ஒரு வயசுக் கன்னுக்கு இருக்கற மாதிரி.”

“அப்ப இதுவும் மலடுங்களா டாக்டரம்மா?” என்றார் மாரியாத்தாள், ஓரக்கண்ணால் மருமகளைப் பார்த்து.

“மலடுன்னு நான் சொல்லலீங்கம்மா. உடம்பு வளரவே இல்லைங்கறேன். கன்னுல என்ன குடிச்சுது?”

“என்ன குடிக்கும், பாலுதான் குடிக்கும். காப்பியா குடிக்கும்?”

“எத்தனை பாலுங்க? பொறந்து எத்தனை மணி நேரத்துல?”

சோளத்தட்டுப் போருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

“எட்டு மணி நேரம் கழிச்சுங்க. பதினொரு சொம்பு போனதுக்கப்பறம்.”

புவனாவின் குரல்தான். “காலையில பத்து மணிக்குக் கன்னு போட்டுது. ஆறு மணிக்கு வெங்கடலட்சுமியக்கா ஊட்டுக்குச் சொம்பு வந்துது. நானும் தின்னேனுங்க.”

இஸ்மத் அவள் பக்கம் திரும்பினார். பிறகு வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டே பேசினார். மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி வயிற்றுக்குள்ளேயே கொஞ்சம் வந்துவிடும். கன்றுக்கு அந்த வழி இல்லை. அதற்கு எல்லாமே சீம்பாலில்தான் வரும். அதை அப்படியே உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும் கதவு கன்றின் குடலில் முதல் சில மணி நேரம்தான் அகலத் திறந்திருக்கும். நேரம் ஆக ஆகச் சாத்திக்கொண்டே வந்து, ஒரு நாளில் மூடிவிடும். அதைத் தவறவிட்ட கன்று கழிச்சலிலும் சளியிலும் விழுந்து விழுந்து எழும். அதன்மேல் பாலும் குறைந்தால், பூச்சியும் சேர்ந்தால், முதல் மூன்று நான்கு மாதம் வளர வேண்டிய உடம்பு வளராது.

“கெடாரி வயசைப் பாத்துப் பருவத்துக்கு வராதுங்க. எடையைப் பாத்துத்தான் வரும். கன்னுல விட்டதைப் பெரிசானப்பறம் புடிக்கறது ரொம்பச் செரமம். நீங்க மூணாவது வருசம் தேடற கோளாறு, மொத நாளே வந்திருச்சுங்க.”

எல்லாக் கிடாரிக்கும் இது ஒன்றே காரணம் என்று அவர் சொல்லவில்லை. தாது உப்புக் குறைவு இருக்கலாம், பிறவிக் கோளாறு இருக்கலாம், காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரி பெரும்பாலும் மலடாகத்தான் இருக்கும். அறிவு பேசுகிறவர்கள் விதிவிலக்கையும் சேர்த்தே சொல்வார்கள். மூடநம்பிக்கைக்குத்தான் ஒரே பதில் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அன்று முழுவதும் புவனா யோசித்தாள். பனியன் கம்பெனியில் ஒரு துணியில் ஓட்டை தெரிந்தால் அயர்ன் பண்ணுகிறவனைப் பிடித்து உதைக்கமாட்டார்கள். தையலைப் பார்ப்பார்கள், கட்டிங்கைப் பார்ப்பார்கள், கடைசியில் துணி ஓட்டிய மெஷினில் ஊசி உடைந்திருக்கும். ஆறு வருடமாகத் தன்னைத்தான் உதைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஊசியை ஒருவரும் பார்க்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. மூன்றாவது கிடாரியும் வண்டியில் ஏறியது. அது போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றவள், பெட்டியைத் திறந்து இஞ்சுடேப்பை எடுத்தாள்.

பங்குனி மாதம் செவலைப் பசு மீண்டும் நிறைமாதம். அன்று மாரியாத்தாள் சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நாள் தள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தார். மாடு கணக்குப் பார்க்கவில்லை. பகல் ஒன்றரை மணிக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு கிடாரிக் கன்று வைக்கோல்மேல் விழுந்தது. சுட்டி என்பதே அதன் பெயரானது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெங்கடலட்சுமி கத்தினார். “ஏனம்மிணி, நீ இங்க வராம அங்க என்ன பண்ற? மாமியா வந்தா உன்ற தோலை உரிச்சுப்போடுவா!”

“உரிக்கட்டுங்க்கா. நீங்க அந்த ரெண்டு சாக்கை எடுத்துட்டு ஓடியாங்க!”

கன்றின் மூக்கிலிருந்த சளியைத் துடைத்தாள். சாக்கால் உடம்பைத் தேய்த்தாள். தொப்புள் கொடியை டாக்டர் சொன்னபடி கட்டி நறுக்கி, அயோடினில் முக்கினாள். இஞ்சுடேப்பை நெஞ்சைச் சுற்றி வைத்தாள். இருபத்தேழு அங்குலம். சுமார் இருபத்தைந்து கிலோ. எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். இரண்டரை லிட்டர் கறந்து, நிப்பிள் போட்ட பாட்டிலில் ஊட்டினாள். பிறகு கன்றைத் தாயின் மடியிலேயே விட்டாள். நஞ்சு இன்னும் விழவில்லை.

வெங்கடலட்சுமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார். “நஞ்சு உள்ள நின்னுபோச்சுன்னா உன்னைய நானே வெட்டிப்போடுவேன் பாத்துக்க.”

நான்கு மணிக்கு நஞ்சு விழுந்தது. கன்று மடியை முட்டும்போது தாயின் கருப்பை சுருங்கும், நஞ்சு வெளியேற அதுவே துணை என்று இஸ்மத் முன்பே சொல்லியிருந்தார். அதைத்தான் அத்தனை வருடமாகத் தடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாரியாத்தாள் கல்யாணத்திலிருந்து தனியாக வரவில்லை. வழியில் போனில் செய்தி கேட்டு, மூத்த பங்காளி வீட்டு ஒறம்பரையையும் கூட்டிக்கொண்டு பட்டுச்சேலையோடு நேராகக் கட்டுத்தரைக்கு வந்தார். ஒறம்பரை என்றால் இந்தப் பக்கத்தில் உறவுக்காரர்கள். கையில் சொம்புகள்.

“சீம்பால் எங்க அம்மிணி?”

“கன்னு குடிச்சுதுங்கத்தை.”

“மிச்சம்?”

“மிச்சத்தை ராத்திரிக்கு வெச்சிருக்கறேனுங்க. அதுவும் கன்னுக்குத்தான்.”

கூட்டத்தில் ஒரு பெண் சொம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். “நல்லாருக்குது போங்க! நாங்க வெறுஞ்சொம்போட திரும்பிப் போறோம். உங்க ஊட்டுக்கு இனி நாங்க என்ன மரியாதை பண்ணோணும்னு யோசிச்சுக்கறோம்.”

மாரியாத்தாளின் முகம் சிவந்தது. அவருக்கு அடி விழுந்த இடம் அது. “நானில்லாத நேரத்துல, உன்னையக் கட்டுத்தரைக்குள்ள வரச் சொன்னது யாரு? நீ தொட்ட கன்னு வெளங்குமா?”

“தொடாமயே மூணு கன்னு வெளங்காம போச்சுங்களே அத்தை. அந்தக் கன்னுக பொறந்தப்ப நான் வெங்கடலட்சுமியக்கா ஊட்லதான இருந்தேன்? அப்ப யாரு கை பட்டுதுங்க?”

வெங்கடலட்சுமி மட்டும் “அது வாஸ்தவந்தானுங்களே” என்று வேலியிடம் சொன்னார்.

பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மாரியாத்தாள் முடிவாகச் சொன்னார். “செரி. இந்தக் கன்னை நீயே வளத்து. மொத ரெண்டு ஊசிக்குள்ள இது சினை நிக்கோணும். நிக்கலையா, அன்னிக்கே வண்டி ஏத்திப்போடுவேன். அப்பறம் இந்தக் கட்டுத்தரையில உன்ற காலு படக்கூடாது.”

“செரிங்கத்தை. நின்னுதுன்னா?”

“நிக்கட்டும். அப்பறம் பேசலாம்.”

புவனா டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அந்த டேப் அறுபது அங்குலத்தோடு முடிவது. ஐம்பத்தெட்டாவது அங்குலத்தில் ஒரு சிவப்பு நூலைத் தைத்தாள். நெஞ்சுச் சுற்றளவு அங்கே வரும்போது அந்த இனக் கிடாரி இருநூற்றைம்பது கிலோவை நெருங்கும், அப்போதுதான் ஊசி போட வேண்டும் என்பது டாக்டர் சொன்ன கணக்கு. இருபத்தேழிலிருந்து ஐம்பத்தெட்டு. முப்பத்தொரு அங்குலம் நடக்க வேண்டிய பாதை.

காலையும் மாலையும் நேரம் தவறாமல் பால். சொசைட்டிக்குப் போக வேண்டிய பாலைக் கன்றுக்கு ஊற்றுகிறாள் என்று வீட்டில் முணுமுணுப்பு. “அது கன்னோட பாலுங்க, நாமதான் அதுகிட்ட வாங்கிச் சொசைட்டிக்கு ஊத்தறோம்” என்பாள். இரண்டாவது வாரத்திலிருந்து கைப்பிடி கைப்பிடியாகக் கன்றுத் தீவனம். படுக்க உலர்ந்த இடம். நாள் தவறாமல் சுத்தமான தண்ணீர். டாக்டர் குறித்துக் கொடுத்த நாள்களில் பூச்சி மருந்து. ஞாயிற்றுக்கிழமைதோறும் டேப். அளவைக் கட்டுத்தரைத் தூணில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதுவாள். சாணி மெழுகும்போது மாரியாத்தாள் அந்தத் தூணை மட்டும் நன்றாகக் கழுவிவிடுவார். புவனா மறுபடி எழுதுவாள். எண்ணெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

ஐந்தாவது வாரம் கன்றுக்குக் கழிச்சல் கண்டது. கண் உள்ளே போய்விட்டது.

“நாந்தான் சொன்னனே! பாலை ஊத்தி ஊத்தியே கொல்றா. பாலை நிறுத்து!” என்றார் மாரியாத்தாள்.

மாமியார் சொல்வது சரியாக இருந்துவிட்டால்? புவனா போனில் இஸ்மத்தைப் பிடித்தாள். “பாலை நிறுத்தாதீங்க. கழிச்சல்ல போற தண்ணியும் உப்பும் திரும்பி உள்ள போகோணும். உப்புக் கரைசலைத் தனியாக் குடுங்க, பாலைத் தனியாக் குடுங்க. நான் வாரேன்” என்றார் அவர்.

மூன்று நாள். அந்த மூன்று நாளும் தனபால் மில்லுக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அம்மாவையும் மனைவியையும் பார்க்காமல் பாட்டிலைப் பிடித்தான். ஆறு வருடத்தில் அவன் மனைவியின் பக்கம் நின்றது அதுவே முதல்முறை. நான்காம் நாள் காலை சுட்டி எழுந்து நின்று, அவன் லுங்கியைக் கடித்து இழுத்தது.

மூன்று மாதத்தில் முப்பத்தேழு அங்குலம். ஆறு மாதத்தில் நாற்பத்தைந்து. ஒரு வயதில் ஐம்பத்திரண்டு. ஊரில் அதே வயதுக் கன்றுகள் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. எப்படித் தெரியும் என்கிறீர்களா? புவனா டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தாள். “என்ன அம்மிணி, மாட்டுக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?” என்று கேலி செய்தார்கள். “ஆமாங்க, உங்க மாட்டுக்குத் துணி கம்மியாப் போதும்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பதினாலாவது மாதமே சுட்டி பருவத்துக்குக் கத்தியது. புவனா ஊசி போடவில்லை. டேப் இன்னும் சிவப்பு நூலைத் தொடவில்லை. பதினாறாவது மாதம் தொட்டது. அது ஆடி மாதம்.

“ஆடியில புதுசாக் கல்யாணம் பண்ணுன புள்ளையவே அம்மா ஊட்டுக்கு அனுப்பறோம். ஆடியில ஊசி போடறதா?” மாரியாத்தாள் கொதித்தார்.

“மாட்டுக்குக் காலண்டர் பாக்கத் தெரியாதுங்கம்மா” என்று சொல்லிக்கொண்டே இஸ்மத் ஊசியைப் போட்டார்.

இருபத்தொரு நாள் கழித்துச் சுட்டி மறுபடி கத்தியது. நிற்கவில்லை.

அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்டது. மாரியாத்தாள் சந்தைப் புரோக்கரின் நம்பரைத் தனபாலிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். வெங்கடலட்சுமிகூட வேலியோரம் வரவில்லை. நல்ல கிடாரிக்கும் முதல் ஊசி நிற்பது பாதிக்குப் பாதிதான், பருவம் திரும்பச் சரியான நாளில் வந்ததே உறுப்பு ஒழுங்காக வேலை செய்வதற்கு அடையாளம் என்றார் இஸ்மத். புவனா அதைக் கேட்டாள், நம்பினாள், ஆனாலும் சோறு இறங்கவில்லை. பந்தயம் ஒரே ஊசியில் தொங்கியது.

ஆவணியில் இரண்டாவது ஊசி போட்டார்கள். இருபத்தொன்றாம் நாள் விடியலிலிருந்து இருட்டும்வரை கட்டுத்தரையைவிட்டு அவள் நகரவில்லை. சுட்டி கத்தவில்லை. அதுவும் முடிவான சேதி ஆகாது, கை வைத்துப் பார்க்க இன்னும் காத்திருக்க வேண்டும்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை காலை இரண்டு வண்டிகள் வாசலுக்கு வந்தன. ஒன்று இஸ்மத்தின் ஸ்கூட்டர். இன்னொன்று புரோக்கரின் மினி லாரி.

“யாருங்க வரச் சொன்னது?” என்று தனபால் கேட்டான்.

“நாந்தான்,” என்றார் மாரியாத்தாள். “வாக்குன்னா வாக்கு.”

புரோக்கர் சுட்டியைச் சுற்றி வந்தார். முதுகில் தட்டினார். “ஏனுங்கம்மா, இது அடிமாடுங்களா? கண்ணு கிண்ணு நல்லாத் தெரியுதுங்களா உங்களுக்கு? என்ற இருபது வருசத்துல இப்பிடி ஒரு கெடாரியை நான் லாரியில ஏத்துனதே இல்லீங்.”

“பேசாம நில்லு,” என்றார் மாரியாத்தாள்.

இஸ்மத் கையுறை போட்டுக் கையை உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் தேடினார். புவனா கயிற்றை இறுகப் பிடித்திருந்தாள். கயிறு அவள் உள்ளங்கையில் தடம் பதித்தது. மாடு வாலை ஒருமுறை சுழற்றியது. ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது.

“மூணு மாசங்க,” என்றார் இஸ்மத். “நல்லா நிக்குது.”

புவனா அழவில்லை. கழுத்திலிருந்த டேப்பை எடுத்துத் தூணில் கட்டினாள். “இனி இது இங்கயே இருக்கட்டும்” என்றாள். புரோக்கர் சிரித்துக்கொண்டே லாரியைத் திருப்பினார். மாரியாத்தாள் ஊர்க்கோவில் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டு, சினை நின்றால் தேங்காய் உடைப்பதாகத் தான் நேர்ந்துகொண்டது பலித்துவிட்டது என்றார்.

ஆத்திரம் வருகிறதா? எழுதுகிற கைக்கும் வருகிறது. இருபது மாதம் பால் ஊற்றி, கழிச்சல் அள்ளி, டேப் பிடித்தவள் ஒருத்தி, நன்றி இன்னொரு இடத்துக்குப் போகிறது. புவனாவுக்கு அந்த ஆத்திரம் வரவில்லை. “அவிய யாருக்கு வேணும்னாலும் தேங்கா உடைச்சுக்கட்டுமுங்க. கன்னுக்குப் பால் குடுத்தாப் போதும்” என்றாள்.

அன்று மாலை தனபால் கட்டுத்தரைக்கு வந்து, தூணைப் பார்த்தபடி சொன்னான். “அடுத்த வாரம் லீவு போடறேன். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போலாம். நானும் டெஸ்ட் எடுத்துக்கறேன்.”

“அதை ஆறு வருசத்துக்கு முன்னாடி எடுத்திருக்கோணுமுங்க,” என்றாள் புவனா. “செரி, போலாம். இப்ப நகருங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்.”

வைகாசியில், இருபத்தாறு மாத வயதில், சுட்டி கன்று போட்டது. காலை ஒன்பது மணி. யாரும் புவனாவை எங்கேயும் அனுப்பவில்லை. அவள் கட்டுத்தரைக்குள் சாக்கால் கன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சேதி தெரிந்து வெளியே சொம்புகள் வரத் தொடங்கின. மூத்த பங்காளி வீட்டுச் சொம்பு முன்னால் நின்றது.

வாசலில் மாரியாத்தாள் நின்றார். அத்தனை வருடத்துப் பெருமையை விழுங்க வேண்டியிருந்தது.

“நாளன்னிக்கு வாங்க,” என்றார். “கன்னு இன்னும் குடிக்கலை.”

“நாளன்னிக்கு வந்தா அது சீம்பாலுங்களா?”

“மிச்சமிருந்தாச் சீம்பாலு. இல்லாட்டிக் காப்பி குடிச்சுட்டுப் போங்க.”

மருமகளிடம் அவர் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பட்டத்தை ஒட்டிய ஊரும் கேட்கவில்லை. ஆனால் ஏழு வீட்டுக்காரர்கள் அந்த மஞ்சள் டேப்பை இரவல் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள், ஐம்பத்தெட்டில் சிவப்பு நூலோடு.

இனி உங்கள் முறை. அடுத்த தடவை உங்கள் வாசலுக்கு ஒரு சொம்பு சீம்பால் வந்தால், கோயமுத்தூர் அடுக்குமாடி வீடாக இருந்தாலும் சரி, ஆனைமலைத் தோட்டத்து வீடாக இருந்தாலும் சரி, வாங்குவதற்கு முன் கேளுங்கள்: “கன்னு குடிச்சுதுங்களா?” இல்லை என்று பதில் வந்தால், அந்தச் சொம்பை அப்படியே திருப்பி அனுப்புங்கள். உங்கள் காதுபட யாராவது ஒரு பெண்ணின் கையை ராசியில்லாத கை என்று சொன்னால், அந்த வீட்டுக் கட்டுத்தரைக்கு நடந்து போய், கன்றின் நெஞ்சில் ஒரு இஞ்சுடேப்பை வைத்து அளந்து, எண்ணை அவர்கள் முன்னால் உரக்கப் படியுங்கள்.